ஒன்று தசம் இரண்டு

செபஸ்தியனுக்கு லென்ஸ் வந்துவிட்டது என்ற செய்தியைத் தில்லைநாதனுக்குச் சொன்னவர் புறக்கோட்டைக் கமராக்கடை மக்கீன். சும்மா சொல்லியிருக்கலாம் அந்த மனிசன். சிரித்துச் சிரித்துச் சொன்னார். சுவிஸிலிருந்து அவனுடைய தங்கச்சி கொண்டுவந்து கொடுத்திருக்கிறாளாம். அதே எண்பத்தைந்து மில்லிமீற்றராம், அதே ஒன்று தசம் இரண்டாம். பெட்டியைப் பிரித்ததே தன்னுடைய கடை மேசையில் வைத்துத்தானாம்.

தில்லைநாதன் வாயால் "நல்லது" என்றுதான் சொன்னார். சொல்லிவிட்டு, வாங்க வந்த பிலிம் றோல் இரண்டையும் வாங்க மறந்து, பஸ் ஏறி வெள்ளவத்தையிலிருந்த தன் ஸ்ரூடியோவுக்கு வந்து சேர்ந்தார். நல்லதாவது மண்ணாவது. வயிறு பற்றி எரிந்தது.

அந்த எரிச்சலில் நியாயம் இல்லாமலும் இல்லை. ஐந்து வருடமாக இரண்டு பேருமாகச் சேர்ந்து கண்ட கனவு அது. சனிக்கிழமைகளில் கலியாணம் இல்லாவிட்டால் வெள்ளவத்தையிலிருந்து இவரும் கொட்டாஞ்சேனையிலிருந்து அவனும் மக்கீனின் கடைக்கு வந்துவிடுவார்கள். ஜப்பான்காரன் அச்சடித்த விலைப்பட்டியல் புத்தகத்தின் பதினேழாம் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பிளேன்ரீ குடிப்பார்கள். அந்தப் பக்கத்தில்தான் அது இருந்தது. குண்டாக, கறுப்பாக, முன்பக்கம் பெரிய கண்ணாடியுடன்.

கலியாணப் படம் எடுக்கிறவனுக்கு இருட்டுத்தான் பரம எதிரி. மண்டபங்கள் எல்லாம் மங்கல். பிளாஷ் அடித்தால் பொம்பிளையின் முகம் சுண்ணாம்பு பூசின சுவராகிவிடும். அடிக்காவிட்டால் ஒன்றும் விழாது. ஆனால் இந்த லென்ஸின் வாய் அகலம். எவ்வளவு வெளிச்சத்தை உள்ளே விடுவது என்று தீர்மானிக்க லென்ஸில் ஒரு வளையம் இருக்கும். அதில் எண் குறையக் குறைய வாய் பெரிதாகும். தில்லைநாதனின் பழைய லென்ஸ் இரண்டோடு நின்றுவிடும். இது ஒன்று தசம் இரண்டு வரைக்கும் போகும். ஒரு குத்துவிளக்குப் போதும், படம் விழுந்துவிடும்.

இது கையில் கிடைத்தால் பொன்னுருக்கு எடுக்கவேண்டும் என்பது தில்லைநாதனின் ஆசை. தாலிக்குப் பொன் உருக்குகிற அந்தச் சடங்கில், தட்டார் ஊதுகிற நெருப்பின் வெளிச்சம் மாப்பிள்ளையின் முகத்தில் விழுகிற அந்த ஒரு கணத்தை பிளாஷ் அடித்து அடித்து எத்தனை தரம் கொன்றிருக்கிறார்! செபஸ்தியனுக்கு, மாதா கோயிலில் மெழுகுதிரி பிடித்து முதல் தரம் நற்கருணை வாங்க நிற்கிற முதல்நன்மைப் பிள்ளைகளை எடுக்கவேண்டும். யாருக்கு முதலில் கிடைத்தாலும் மற்றவருக்கு இரவல் என்றுகூட ஒரு நாள் பேசிக்கொண்டார்கள். தனக்குத்தான் முதலில் கிடைக்கும் என்று தில்லைநாதன் உள்ளூர நம்பியிருந்தார். வயதில் மூத்தவர், தொழிலில் மூத்தவர், ஊரில், அளவெட்டியிலேயே ஸ்ரூடியோ வைத்திருந்தவர். கடவுளுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாமல் போய்விட்டது.

செபஸ்தியன் சொன்ன சொல் தவறவில்லை, அதையும் சொல்லவேண்டும். அடுத்த சனிக்கிழமையே லென்ஸைத் துவாயில் சுற்றி எடுத்துக்கொண்டு வெள்ளவத்தைக்கு வந்தான். "அண்ணை, ஒருக்காப் போட்டுப் பாருங்கோவன்" என்று நீட்டினான். தில்லைநாதன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். தன் பழைய லென்ஸே தனக்குப் போதும், இந்த வயதில் இந்தப் பாரத்தை யார் தூக்குவது என்று ஏதோ சொல்லி மழுப்பினார். தொட்டால் விடமாட்டோம் என்ற பயம் அவருக்கு. உள்ளே நின்ற மனைவி நேசமலர், அவன் போனபிறகு, "பாக்கிறதுக்குக் காசா கேட்டவன்? வாய் ஊறுது, கை மட்டும் பின்னால" என்று குத்தினாள்.

திரும்பிப் போகும்போது காலி வீதிச் சோதனைச்சாவடியில் அவனை மறித்தார்கள். தில்லைநாதன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பத்து வருடமாக அவருடைய கமராப் பையைக் கண்டால் குண்டைக் கண்டதுபோல முகம் சுளிக்கிற அதே ஆமிக்காரன், செபஸ்தியனின் லென்ஸை வெயிலில் பிடித்து உள்ளே எட்டிப் பார்த்து, "லஸ்ஸனாய்" என்று தலையாட்டித் திருப்பிக் கொடுத்தான். ஆமிக்காரனுக்குக்கூட அதன் அழகு தெரிந்துவிட்டதே என்று தில்லைநாதனுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

இதெல்லாம் நடந்தது தொண்ணூற்றெட்டாம் ஆண்டு. யாழ்ப்பாணத்துக்குத் தரைப்பாதை இல்லாத காலம். பெட்டைப் பிள்ளைகளைக் கப்பலில் திருகோணமலைக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து கொழும்புக்கு ஏற்றி, வெள்ளவத்தை லொட்ஜ்களில் வைத்துக்கொண்டு, கனடாவிலிருந்து மூன்று கிழமை லீவில் வருகிற மாப்பிள்ளைக்குக் கட்டிக் கொடுப்பார்கள். மாப்பிள்ளை தாலியைக் கட்டிவிட்டுப் பறந்துவிடுவான். பொம்பிளை விசாவுக்குக் காத்திருப்பாள்.

அந்த விசாவுக்கு முக்கியமான சாமான் கலியாணப் படம். உண்மையான கலியாணமா, ஆளைக் கடத்த ஆடின நாடகமா என்று விசாக் கந்தோரில் படத்தை வைத்துத்தான் துருவுவார்கள். தாலி கட்டு, பதிவுகாரர், இரண்டு பக்கத்துத் தாய் தகப்பன், வந்த சனம், ஒருவருக்கொருவர் சோறு தீத்துவது, எல்லாவற்றிலும் முகங்கள் அடையாளம் தெரியவேண்டும். தில்லைநாதன் இதில் மன்னன். வளையத்தை எட்டில் வைப்பார்; பிளாஷை அடிப்பார்; மணவறையில் இருக்கிற பொம்பிளையிலிருந்து பந்தல் காலோடு சாய்ந்து நிற்கிற சித்தப்பா வரைக்கும் ஒரு முகம் தப்பாது. பொலிஸ் பதிவுப் படம் போல இருக்கிறது என்று இளசுகள் பகிடி பண்ணுவார்கள். பண்ணட்டும். அவர் படம் எடுத்த ஒரு பெட்டைக்கும் விசா மறுக்கப்பட்டதில்லை.

அப்படிப்பட்ட மனிதரை விட்டுவிட்டு சரோஜினிதேவி செபஸ்தியனிடம் போனாள் என்றால் எப்படி இருக்கும்? அவளும் அளவெட்டிதான், ஒரு வழியில் சொந்தமும்கூட. மகள் சிவதர்சினியின் கலியாணத்துக்கு இவரிடம் நாள் சொல்லி, நேரம் சொல்லி, எல்லாம் பேசி வைத்திருந்தாள். பிறகு ஒரு நாள் கொட்டாஞ்சேனைக்குச் சாறி பார்க்கப் போனவள், செபஸ்தியனின் சோகேசில் இருந்த ஒரு பொம்பிளைப் படத்தைக் கண்டிருக்கிறாள். அந்தப் பெட்டையின் கண் பேசுகிறதாம். பின்னால் இருந்த விளக்குகள் எல்லாம் உருகி முத்து முத்தாகத் தொங்குகிறதாம். மகள் அதைக் கண்டு ஆசைப்பட்டுவிட்டாளாம், குறை நினைக்கக்கூடாதாம், கலியாணத்துக்குக் குடும்பமாய்க் கட்டாயம் வரவேண்டுமாம்.

தில்லைநாதன் போனார். போகாவிட்டால் எரிச்சல் என்று சொல்லிவிடுவார்களே. பட்டு வேட்டி கட்டி, சால்வை போட்டு, தோளில் பழைய கமராவையும் பிளாஷையும் கொழுவிக்கொண்டு போனார். ஒரு படமும் எடுப்பதில்லை என்று சபதம். பிறகு கமரா எதற்கு என்று நேசமலர் கேட்டபோது பிளாஷுக்குப் பற்றறி போட்டுக்கொண்டிருந்தார்.

மண்டபத்தில் செபஸ்தியன் பறந்து பறந்து எடுத்தான். பிளாஷ் இல்லை, அதனால் ஆரவாரமும் இல்லை. ஷட்டர் சத்தம் மட்டும் மெதுவாகக் கேட்டது. அந்த லென்ஸ் மணவறை விளக்கில் பச்சையும் ஊதாவுமாக மினுங்கியது. தில்லைநாதனின் கண் பொம்பிளையில் இல்லை, மாப்பிள்ளையில் இல்லை. அதிலேயே இருந்தது. எப்போது எழுந்தார், எப்போது கமராவைக் கையில் எடுத்தார் என்று அவருக்கே தெரியாது. செபஸ்தியன் போன பக்கமெல்லாம் போனார். அவன் குந்தினால் இவர் நின்றார், அவன் நின்றால் இவர் விலகினார். கை தன் பாட்டுக்கு வளையத்தை எட்டில் வைத்தது, தன் பாட்டுக்கு பிளாஷ் அடித்தது.

தாலி கட்டுவதற்குச் சற்று முன் நெருக்கத்தில் செபஸ்தியனின் தோளோடு தோள் முட்டி நின்றார். முழத் தூரத்தில் லென்ஸ். அப்போதுதான் வளையத்தைக் கண்டார். ஒன்று தசம் இரண்டிலேயே நிற்கிறது. காலையிலிருந்து ஒரு தரமும் திருப்பப்படவில்லை.

அவருக்குத் திக்கென்றது. வாயை முழுதாகத் திறந்தால் இந்த லென்ஸ் தெளிவாகக் காட்டுவது முன்பின்னாக இரண்டு விரல் அகலத்தைத்தான். பொம்பிளையின் கண் தெளிந்தால் காதே மங்கிவிடும். பின்னால் நிற்கிற மாப்பிள்ளையின் தாயும் தகப்பனும் கரைந்தே போவார்கள். அழகாகத்தான் இருக்கும், சோகேசுக்கு. செபஸ்தியனின் வாடிக்கை கோயில் கலியாணங்களும் முதல்நன்மையும். விசாப் படம் அவனுக்குப் பழக்கமில்லை. அதைவிட, இவ்வளவு காலம் தவம் கிடந்து பெற்ற ஒன்று தசம் இரண்டை எட்டுக்குத் திருப்ப எந்தக் கைக்கு மனம் வரும்? தன் கைக்கும் வந்திருக்காது என்பது தில்லைநாதனுக்குத் தெரியும்.

'எட்டில வையும்' என்று ஒரு வார்த்தை. நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கினார்.

படம் பழுதாகட்டும் என்று நினைத்தார். அல்பத்தை விரித்துப் பார்த்துவிட்டு சரோஜினிதேவி தலையில் அடிக்கட்டும், ஐயோ தில்லைநாதனை விட்டுவிட்டேனே என்று சொல்லட்டும். அந்தப் பெட்டையின் விசா மனதின் ஒரு மூலையில் எட்டிப் பார்க்கத்தான் செய்தது. பார்த்ததை அவர் பார்க்காத மாதிரி விட்டுவிட்டார். கமராவைத் தூக்கி, அந்த லென்ஸை, அந்த வளையத்தை, நேராக வைத்து ஒரு படம் தட்டினார். கெட்டிமேளம் முழங்கியது.

வீட்டுக்கு வந்து றோலைக் கழற்றி மேசை லாச்சிக்குள் போட்டார். கழுவக் கொடுக்கவில்லை.

நான்கு மாதம் கழிந்தது. அல்பத்தைப் பார்த்து லொட்ஜில் எல்லோரும் வாய் பிளந்தார்கள் என்று கேள்விப்பட்டார். ஒருத்தியும் தலையில் அடிக்கவில்லை. இரவில் நித்திரையில்லாமல் புரண்டவர் அவர்தான்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை செபஸ்தியன் ஸ்ரூடியோ வாசலில் வந்து நின்றான். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. விசாக் கந்தோரிலிருந்து சிவதர்சினிக்குக் கடிதம் வந்திருக்கிறது. படங்களில் மாப்பிள்ளையின் தாய் தகப்பனையும் சாட்சிகளையும் அடையாளம் காண முடியவில்லை, கலியாணம் நடந்ததற்கு வேறு படங்கள் இருந்தால் முப்பது நாளுக்குள் தரவேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். திரும்ப எடுக்கலாம் என்றால் மாப்பிள்ளை ரொறன்ரோவில். அவனுடைய தாய் தகப்பன் கப்பலேறி ஊருக்குப் போய்விட்டார்கள். இன்னொரு தரம் ஆமியிடம் பாஸ் எடுத்து அந்த வயதில் கடல் கடந்து வருவது நடக்கிற காரியமில்லை.

"அண்ணை, அண்டைக்கு நீங்களும் எடுத்தனீங்கள். எனக்குப் பின்னால பிளாஷ் அடிச்சுக்கொண்டே இருந்தது. ஒரு நாலு படமெண்டாலும் தாங்கோ" என்றான்.

அந்த றோலில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். "அது வெளிச்சம் பட்டுப் போச்சு" என்றார். பொய் நாக்கில் வழுக்கிக்கொண்டு வந்தது.

செபஸ்தியன் திரும்பினான். அப்போதுதான் அவனுக்குப் பின்னால், ஒழுங்கையின் எதிர்ப்பக்கத்தில், சிவதர்சினி நிற்பதைக் கண்டார். கழுத்தில் புதுத் தாலிக்கொடி. இரண்டு கையாலும் ஒரு பைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தாள். உள்ளே வர வெட்கப்பட்டு வெயிலில் நின்றிருக்கிறாள். செபஸ்தியன் அவளைப் பார்த்துத் தலையை இடவலமாக ஆட்டினான். அவள் அழவில்லை. பைலை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள், அவ்வளவுதான்.

தில்லைநாதனால் அதற்குமேல் முடியவில்லை. "செபஸ்தி, நில்லும்" என்றார். "ஒரு றோல் கிடக்கு. கழுவேல்லை. வாரும், லாப்புக்குப் போவம்."

பெட்டையை லொட்ஜில் தாயுடன் இருக்கச் சொல்லிவிட்டு இருவரும் காலி வீதியிலிருந்த கலர் லாப்புக்குப் போனார்கள். மெஷினில் வேலை செய்கிற பேர்ணடெற் இருவருக்கும் தெரிந்த பிள்ளை. அவசரம் என்று சொன்னதும் மற்ற வேலையை நிறுத்திவிட்டு இதைப் போட்டாள். ஒரு மணித்தியாலம் இருவரும் வாசல் வாங்கில் குந்தியிருந்தார்கள். பிறகு படங்கள் ஒவ்வொன்றாக மெஷினிலிருந்து வழுக்கி விழத் தொடங்கின.

முதல் படத்தில் செபஸ்தியன் குந்தியிருந்தான், கையில் லென்ஸ். இரண்டாவதில் செபஸ்தியன் எட்டிப் பார்க்கிறான், கையில் லென்ஸ். மூன்றாவதிலும் அவன்தான். ஆறு, ஏழு, பத்து, எல்லாவற்றிலும் நட்டநடுவில் செபஸ்தியனும் லென்ஸும். பேர்ணடெற் படங்களைத் தட்டில் அடுக்கிக்கொண்டே, "இது ஆற்ற கலியாணம் அங்கிள்? இவற்றயா?" என்று சிரித்தாள். தில்லைநாதனுக்குக் காது மடல் சுட்டது. கமராக்காரன் ஒருவன் கலியாணவீட்டில் நின்று முப்பத்தாறு படமும் இன்னொருவனின் லென்ஸை எடுத்திருக்கிறான். இதைவிட உடுப்பில்லாமல் காலி வீதியில் நிற்கலாம்.

ஆனால் செபஸ்தியன் சிரிக்கவில்லை. அவன் படங்களில் தன்னைப் பார்க்கவேயில்லை. தனக்குப் பின்னால் பார்த்தான். மாப்பிள்ளையின் தாய், மூக்குத்தி தெரிய. தகப்பன், நெற்றித் திருநீற்றின் மூன்று குறியும் தெரிய. பதிவுகாரரின் மூக்குக்கண்ணாடி. ஐயர். தாலி கட்டுகிற மாப்பிள்ளையின் கையும் குனிந்த பொம்பிளையின் முகமும். எட்டில் வைத்து பிளாஷ் அடித்த படம், ஒரு முகம் தப்பவில்லை. "காணும் அண்ணை, இது காணும், இது தாராளம்" என்றான். தில்லைநாதனின் கையைப் பிடித்துக்கொண்டான்.

பிடித்த கையோடு இருபத்தோராவது படத்தை எடுத்தான்.

அதில் ஆள் இல்லை, லென்ஸ் மட்டும்தான். முழத் தூரத்திலிருந்து எடுத்தது. கண்ணாடியில் மணவறை விளக்குகள், விரலில் வியர்வை, வளையத்தில் எண்கள். குறிக்கு நேரே ஒன்று தசம் இரண்டு. மழை பெய்து ஓய்ந்த காலைபோலத் துலக்கமாக இருந்தது.

செபஸ்தியன் அதை நெடுநேரம் பார்த்தான். பிடித்திருந்த கையை மெல்ல விட்டான்.

"கண்டனீங்கள்தானே?" என்று கேட்டான்.

"ஓம்" என்றார் தில்லைநாதன்.

விசாவுக்கு வேண்டிய பன்னிரண்டு படங்களைப் பிரித்து எடுத்தான். இருபத்தோராவதையும் அதன் நெகற்றிவ் துண்டையும் தனியாக ஒரு உறையில் போட்டுச் சட்டைப்பைக்குள் வைத்தான். வெளியே போய்விட்டான்.

மூன்றாம் கிழமை சிவதர்சினியை விசாக் கந்தோருக்குக் கூப்பிட்டார்கள். படங்களைப் பார்த்த அதிகாரி, எல்லாவற்றிலும் நடுவில் நிற்கிற இந்த ஆள் யார், மாப்பிள்ளைக்கு என்ன முறை என்று கேட்டாராம். படம் எடுக்க வந்தவர் என்று இவள் சொன்னாளாம். அப்படியென்றால் இந்தப் படங்களை எடுத்தது யார் என்று கேட்டாராம். அவரும் படம் எடுக்கிறவர்தான், எங்கள் சொந்தக்காரர் என்றாளாம். அதிகாரி சிரித்துவிட்டாராம். விசா கிடைத்தது. சரோஜினிதேவி மோதகம் அவித்துக் கொண்டுவந்து நேசமலரிடம் கொடுத்து இதையெல்லாம் சொல்லி, உன் மனிசன் தெய்வம் மாதிரி என்றாள். தில்லைநாதன் உள்ளறையில் இருந்தார். அவருடைய பங்கு தட்டிலேயே கிடந்தது.

செபஸ்தியன் மக்கீனின் கடைக்கு வருவதை நிறுத்திவிட்டான். இரண்டு சனிக்கிழமை தில்லைநாதன் தனியே போய் இருந்து பார்த்தார். மூன்றாவது சனிக்கிழமை மக்கீன், "கொட்டாஞ்சேனைப் பக்கம் போய்ப் பாருங்க, ஒங்கட பேரைச் சோகேசில போட்டிருக்கான்" என்றார்.

பதைத்துக்கொண்டு போனார். செபஸ்தியனின் சோகேசில், கண் பேசுகிற அந்தப் பொம்பிளைப் படம் இருந்த இடத்தில், இருபத்தோராவது படம் ஒரு முழ உயரத்துக்குப் பெருப்பித்துச் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. கீழே அழகான எழுத்தில், 'படம்: தில்லைநாதன், வெள்ளவத்தை.' இரண்டு இளைஞர்கள் நின்று, எப்படி எடுத்திருக்கிறான் பார், எண்கூட வாசிக்கலாம் என்று வியந்துகொண்டிருந்தார்கள். அந்த எண் என்ன சொல்கிறது என்பது ஊரில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். அவர் வாழ்நாளில் எடுத்த படங்களிலேயே நல்ல படம் அதுதான். அதையும் அவர் கண்டார்.

உள்ளே மேசைக்குப் பின்னால் செபஸ்தியன் இருந்தான். இவரைக் கண்டதும் எழுந்தான். கோபமாகவும் இல்லை, சிரிப்பாகவும் இல்லை. லாச்சியைத் திறந்து, கமராவில் பூட்டியபடியே லென்ஸை எடுத்து மேசைக்கு மேலால் நீட்டினான்.

"போட்டுப் பாக்கிறீங்களோ அண்ணை?"

இந்தமுறை கை பின்னால் போகவில்லை. வாங்கினார். நினைத்ததைவிடப் பாரமாக இருந்தது. வளையம் எட்டில் நின்றது. ஒவ்வொரு கிளிக்காகத் திருப்பி ஒன்று தசம் இரண்டுக்குக் கொண்டுவந்து கண்ணில் வைத்தார். செபஸ்தியனின் கண் இமை மயிர் ஒவ்வொன்றும் தெரிந்தது. அவனுக்குப் பின்னால் கடையும் வீதியும் பஸ்ஸும் சனமும் கரைந்து வெறும் வெளிச்சமாகிக் கிடந்தன. ஐந்து வருடம் பதினேழாம் பக்கத்தில் பார்த்தது இதைத்தான். இவ்வளவு நடந்தபிறகும், இவ்வளவு வெட்கப்பட்டபிறகும், பாழாய்ப்போன வயிறு அப்படியே எரிந்தது.

கமராவைக் கண்ணிலிருந்து எடுக்காமலே சொன்னார்: "செபஸ்தி, பொறுக்கேலாமல் கிடக்கு. எரிச்சல்."

"தெரியும் அண்ணை" என்றான் அவன். "முப்பத்தாறு படத்திலயும் தெரியுது."